பன்னிரண்டு வோல்ட் எங்கே போயிற்று?

ஓம் விதியைப் பள்ளியில் ஒரு முறையும் கல்லூரியில் ஒரு முறையும் படித்துத் தேர்வெழுதிவிட்டுப் பின் மறந்துவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. ஆய்வகத்தில் ரியோஸ்டாட்டை நகர்த்தி, அம்மீட்டர், வோல்ட்மீட்டர் அளவுகளை அட்டவணையில் எழுதி, வரைபடத்தாளில் ஒரு நேர்கோடு போட்டதும் அதன் பணி முடிந்துவிடுகிறது. அதே விதி நம் ஊர்த் தெருவில் நிற்கும் ஒரு காரின் டேஷ்போர்டுக்குள் எவ்வாறு வேலை செய்கிறது, அதனைக் கொண்டு பழுதான புளோயர் ஒன்றை வீட்டு வாசலிலேயே எவ்வாறு சோதிக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

புளோயர் என்பது காருக்குள் காற்றை ஊதும் விசிறி. எலிக் கூண்டில் வைக்கும் சக்கரம் போன்ற ஓர் உருளை விசிறியை 12 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்று சுழற்றுகிறது. அந்தக் காற்று ஏ.சி.யின் குளிர்ந்த குழாய்க்கட்டின் வழியே வந்தால் குளிர்காற்று. எஞ்சினிலிருந்து வரும் சுடுநீர் ஓடும் ஹீட்டர் குழாய்க்கட்டின் வழியே வந்தால் வெப்பக்காற்று. இரண்டிற்கும் விசிறி ஒன்றே, மோட்டார் ஒன்றே, ஸ்விட்ச் ஒன்றே. ஆகவே ஹீட்டர் மோட்டார் என்று அயல்நாட்டு நூல்கள் சொல்வதும், ஏ.சி. புளோயர் என்று நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வதும் ஒரே பொருள்தான்.

அபிராமத்தில் ஹீட்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சித்திரை, வைகாசியில் கமுதி சாலையில் கானல் நீர் ஓடும் ஊரில், அந்தத் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்புகிறவர் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவராகத்தான் இருக்க வேண்டும். ஆயினும் அனுபவம் மிக்க ஓட்டுநர்கள் இன்னொரு பயனை அறிவர். நடுவழியில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, ஊற்றத் தண்ணீரும் அருகில் இல்லாதபோது, ஏ.சி.யை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வைப்பார்கள். எஞ்சின் நீரின் வெப்பத்தில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும். உள்ளே இருப்பவருக்குத் துன்பம், எஞ்சினுக்குச் சிறிது ஆறுதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவில் முன்கண்ணாடியின் உட்புறம் பனித்து வழி மறையும்போதும் அதனைத் துடைத்துத் தருவது இந்தப் புளோயரே. இதனை வெறும் சொகுசுப் பொருள் என்று ஒதுக்குவதற்கில்லை.

இதன் மின்சுற்றை முதலில் மனத்தில் வரைந்து கொள்ள வேண்டும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் சாவி ஸ்விட்ச், பியூஸ், பல வண்டிகளில் ரிலே ஒன்று ஆகியவற்றைக் கடந்து மோட்டாரை அடைகிறது. மோட்டாரிலிருந்து வெளியேறி, வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் வழியாக, நாம் திருப்பும் வேக ஸ்விட்சை அடைந்து, அங்கிருந்து வண்டியின் இரும்பு உடம்பில் இறங்குகிறது. அந்த உடம்பே பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் வழி. இதனை எர்த் என்கிறோம். தரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சில வண்டிகளில் ஸ்விட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு முன்னால் இருக்கும். வரிசைதான் மாறுமே தவிர உறுப்புகள் மாறா.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளங்கச் சொல்லக் கண்மாயைவிட நல்ல உவமை கிடையாது. கண்மாயில் நீர் நிறைந்திருக்கும். கடைமடை வயலோ காய்ந்து கிடக்கும். கண்மாய் வறண்டுவிட்டது என்று அப்போது யாரும் சொல்வதில்லை. மடையிலிருந்து வாய்க்காலோரமாக நடந்து போய், எந்த இடத்தில் நீர்மட்டம் திடீரென்று இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அடைப்பு அங்கேதான் இருக்கும். புளோயர் சோதனையும் இவ்வளவே. பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. அந்த 12 வோல்ட் வழியில் எங்கே போயிற்று?

கருவிகளைத் தொடுமுன் வண்டி தானே சொல்லும் குறிப்புகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு வேகங்களில் எதிலும் காற்று வரவில்லை என்றால் பியூஸ், ரிலே, எர்த், மோட்டார் ஆகிய நான்கில் ஒன்று. முதல் மூன்று வேகங்களும் போய், கடைசி வேகம் மட்டும் ஓடுகிறது என்றால் மோட்டார் நன்றாயிருக்கிறது என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது. ரெசிஸ்டர்தான் போயிருக்கும். ஏனெனில் கடைசி வேகத்தில் மட்டும் மின்னோட்டம் ரெசிஸ்டர் வழியே போவதில்லை. இதற்கு நேர்மாறாக, கடைசி வேகம் மட்டும் ஓடவில்லை என்றால் அதற்கென்று உள்ள ரிலேயையோ ஸ்விட்சின் அந்த முனையையோ பார்க்க வேண்டும். எல்லா வேகமும் உண்டு, ஆனால் எல்லாமே மந்தம் என்றால் எங்கோ ஓர் இணைப்பில் களிம்பேறியிருக்கிறது, அல்லது மோட்டாரே இறுகியிருக்கிறது. பேட்டரி, மீட்டர் எதுவும் இன்றி இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்றால் மின்சுற்றைப் படித்ததற்கு அதுவே பலன்.

வேண்டிய கருவிகள் மிகச் சில. சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்று. காரின் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றினை ஹோல்டரில் பொருத்தி, இரு வயர்களும் முனையில் கிளிப்பும் சேர்த்துச் செய்துகொண்ட டெஸ்ட் லாம்ப் ஒன்று. 20 ஆம்பியர் பியூஸ் இடையில் கோத்த கனமான வயர் இரண்டு முழம். ஸ்க்ரூ டிரைவர், ஒரு குண்டூசி, உப்புத்தாள்.

எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் நம்மைத் தாக்காது என்பது மெய். ஆனால் பேட்டரி முனைகளுக்கிடையே குறுக்கே விழும் ஸ்பேனர் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கடத்திச் சிவந்து உருகும். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இச்சோதனைகளுக்குச் சாவி ஆன் நிலையில் இருந்தால் போதும், எஞ்சின் ஓட வேண்டியதில்லை. மூடிய கார்ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு டேஷ்போர்டுக்கடியில் தலையை விடுவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டேஷ்போர்டுக்கடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் காணப்படின் அவை ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றில் மீட்டரோ பல்போ வைக்கலாகாது. புகைந்த வாடை அடித்தால் உடனே சாவியை அணைத்துப் பியூஸைப் பிடுங்கிவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

இனி வாய்க்காலோரம் நடப்போம். முதலில் பேட்டரி. ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்குக் கீழே இறங்கினால் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதனைச் சார்ஜ் செய்யாமல் மேற்கொண்டு எதையும் அளப்பது வீண்.

அடுத்தது பியூஸ். கத்தி போன்ற இரு கால்களை உடைய இன்றைய பியூஸ்களின் மேல் நெற்றியில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறுமுனையால் இரு புள்ளிகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நலம். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் நீர் பியூஸ் வரைக்கும் வரவில்லை. சாவி ஸ்விட்சுப் பக்கம் போக வேண்டும். பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டிக் கண்ணால் பார்ப்பதை நான் நம்புவதில்லை. மயிரிழை போன்ற வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, பல்புக்குத் தெரியும்.

பியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ள புதியதைப் போடலாம். உடனே மறுபடியும் போனால், அது ஏதோ சொல்ல வருகிறது. அச்சமயம் வயர்த் துண்டையோ சிகரெட் அட்டை ஜிகினாவையோ சுற்றி வைத்து ஓட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. பியூஸ் என்பது வாய்க்காலில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மெல்லிய கரை. அதனைக் கான்கிரீட்டால் கட்டிவிட்டால் வெள்ளம் வேறிடத்தில் உடைத்துக்கொண்டு போகும். காரில் அந்த வேறிடம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயர்க்கட்டு.

இப்போது மோட்டாருக்கு வருவோம். பெரும்பாலான வண்டிகளில் முன்னிருக்கைப் பயணியின் காலுக்கு மேலே, கிளவ் பாக்ஸுக்குக் கீழே இது இருக்கிறது. இரண்டு வயர்கள் ஒரு கனெக்டரில் வந்து சேரும். கனெக்டரைக் கழற்றாமலே அதன் முதுகுப்புறமாகக் குண்டூசியைச் செருகி, சாவி ஆன், ஸ்விட்ச் முழு வேகம் என வைத்து, இரு வயர்களுக்கிடையே அளக்க வேண்டும். 12 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் குற்றவாளி மோட்டாரேதான். ஏறத்தாழ சுழி காட்டினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். அதற்குச் சாப்பாடே வரவில்லை.

அப்படியானால் எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது? மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் மோட்டாரின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியே தொட வேண்டும். இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால் முன்பக்கம் சரி, மோட்டாரின் உட்சுற்றும் சரி. திரும்பும் பக்கம்தான் அறுந்திருக்கிறது. அதாவது ரெசிஸ்டர், ஸ்விட்ச், எர்த் இம்மூன்றில் ஒன்று. இரண்டிலும் சுழி என்றால் முன்பக்கத்தில் பியூஸ், ரிலே. மாணவர்கள் முதலில் இதனை நம்ப மறுப்பார்கள். மோட்டாரின் எதிர்வயரில் எப்படி 12 வோல்ட் இருக்க முடியும் என்பார்கள். மின்னோட்டம் ஓடாதபோது எந்த மின்தடையிலும் மின்னழுத்த வீழ்ச்சி கிடையாது. கதவு மூடிய வாய்க்காலில் கடைசி வரை நீர்மட்டம் ஒன்றாகவே நிற்பதைப் போல.

இந்த இடத்தில்தான் மீட்டர் நம்மை ஏமாற்றவும் செய்யும். கனெக்டரைக் கழற்றி, வெறும் முனையில் மீட்டரை வைத்து, ‘12 வோல்ட் வருகிறது, ஆகவே வயர் சரி’ என்று முடிவு கட்டுவது பரவலான பழக்கம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அதன் வழியே ஓடுவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டிய மின்னோட்டம். களிம்பேறிய முனை ஒன்றில் 100 ஓம் தடை இருந்தாலும் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் அங்கே இழப்பு ஏதும் தெரியாது. மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். அதே முனையில் 21 வாட் பல்பை மாட்டுங்கள். அது 1.75 ஆம்பியர் கேட்கும். 100 ஓம் தடையால் அதனைக் கொடுக்க முடியாது, பல்பு எரியாது. எனவே இந்த வேலையில் விலையுயர்ந்த மீட்டரைவிடப் பத்து ரூபாய் பல்பு நேர்மையானது என்பது என் கருத்து. மீட்டரைப் பயன்படுத்துவதானால் மோட்டாரை இணைத்தபடியே, அது மின்னோட்டம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

சிறிய தடைகளின் கதை இன்னும் சுவையானது. முழு வேகத்தில் ஒரு புளோயர் 14 ஆம்பியர் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். பல கார்களில் ஏறத்தாழ இந்த அளவுதான். கனெக்டரில் ஒரு முனை தளர்ந்து 0.1 ஓம் தடை உண்டாகியிருக்கிறது. மீட்டரின் ஓம் அளவில் இது கண்ணில் படாது. ஆனால் 14 ஆம்பியரை 0.1 ஓமால் பெருக்கினால் 1.4 வோல்ட் அங்கே தொலைகிறது. அதனை மீண்டும் 14-ஆல் பெருக்கினால் 19.6 வாட் வெப்பம். சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்ததற்கு ஒப்பாகும். புளோயர் கனெக்டர்கள் பழுப்பேறி உருகிக் கிடப்பதன் காரணம் இதுவே. உருகிய கனெக்டரைக் கண்டால் அளவீடே வேண்டாம். முனையோடு மாற்றிவிட வேண்டும்.

எர்த் பக்கத்தைச் சோதிக்க, புளோயர் முழு வேகத்தில் ஓடும்போது மோட்டாரின் எதிர்வயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். கூடுதலாக இருந்தால் ஸ்விட்ச், எர்த் போல்ட் என்று ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் மீட்டரை வைத்து நகர்ந்தால், வீழ்ச்சி எங்கே என்பது தெரிந்துவிடும். நேர்முனைப் பக்கத்திற்கும் இதே முறைதான். இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வண்டிகளில் எர்த் போல்ட்டை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்தை நிறுத்தச் செய்தது அந்த உப்புக் காற்று. ஆறு மில்லிமீட்டர் போல்ட் அதற்கு எம்மாத்திரம்! போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் மேலே சிறிது வாசலின் பூசினால் போதும். நம் அபிராமம், கமுதிப் பக்கம் துரு குறைவு, தூசி மிகுதி. கமுதி அருகே 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் தகடுகளின் தூசியைத் துடைப்பதற்கென்றே எந்திரங்களை ஓடவிட்டிருக்கிறார்கள் என்றால் நம் வண்டிப் புளோயரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி ரெசிஸ்டர். ஆய்வக ரியோஸ்டாட்டின் உடன்பிறப்பு இது. சில கம்பிச் சுருள்கள் தொடரிணைப்பில் இருக்கும்; ஸ்விட்ச் எத்தனை சுருள்களைச் சேர்க்கிறது என்பதைப் பொறுத்து வேகம் குறையும். மிகக் குறைந்த வேகத்தில் மொத்தம் 2 ஓம் சேர்ந்திருப்பதாகவும் 3.5 ஆம்பியர் ஓடுவதாகவும் கொண்டால், ரெசிஸ்டரில் 7 வோல்ட் வீழ்ந்து மோட்டாருக்கு 5 வோல்ட்தான் கிடைக்கும். வீழ்ந்த 7 வோல்ட் வீணாகி 24.5 வாட் வெப்பமாகிறது. இந்த வெப்பத்தை ஆற்றுவதற்காகவே ரெசிஸ்டரைப் புளோயரின் காற்றுப் பாதைக்குள்ளேயே பொருத்தியிருக்கிறார்கள். தான் வேகம் குறைத்த விசிறியின் காற்றாலேயே தான் குளிரும் ஏற்பாடு! மேலும் அதில் வெப்பம் அளவு கடந்தால் அறுந்துபோகும் தெர்மல் பியூஸ் ஒன்றும் உண்டு.

அந்தச் சின்னஞ்சிறு தெர்மல் பியூஸ் எதற்கு என்பதில்தான் இப்பாடத்தின் உயிர்நாடி இருக்கிறது. ஓடும் மோட்டார் வெறும் மின்தடை அன்று. சுழலும்போது அது ஒரு டைனமோவும் ஆகி, லென்ஸ் 1834-இல் கூறிய விதிப்படி, எதிர் மின்னியக்கு விசை ஒன்றை உண்டாக்கி வருகிற மின்னோட்டத்தைத் தடுக்கிறது. மோட்டாரின் சுருள் தடை 0.3 ஓம்தான் என்றாலும் அது 40 ஆம்பியரை இழுக்காமல் 14-இல் நிற்பதன் காரணம் அதுவே. மோட்டார் இறுகி நின்றுவிட்டால் எதிர்விசையும் மறைந்துவிடும். முழு வேகத்தில் இது நிகழ்ந்தால் 40 ஆம்பியர் பாய்ந்து, 25 ஆம்பியர் பியூஸ் போய்விடும், ஆபத்து இல்லை. குறைந்த வேகத்தில் நிகழ்ந்தால்? 12 வோல்ட்டை 2.3 ஓமால் வகுத்தால் 5.2 ஆம்பியர். 25 ஆம்பியர் பியூஸுக்கு இது ஒரு பொருட்டே அன்று. ஆனால் ரெசிஸ்டரில் 54 வாட் வெப்பம். ஆற்றுவதற்கோ காற்றே இல்லை. பிளாஸ்டிக் பாதைக்குள் கம்பிச்சுருள் சிவக்கத் தொடங்கும். அந்நேரத்தில் நம்மைக் காப்பது அந்தத் தெர்மல் பியூஸ் ஒன்றே. அது அறுந்ததும் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பற்றவைத்து, ‘செலவில்லாமல் சரி செய்துவிட்டேன்’ என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தவரின் வண்டியில் என் வீட்டுப் பிள்ளைகளை நான் ஏற்றமாட்டேன்.

என் அக்காள் மகன் அபிராமத்தில் சொந்தமாக ஒரு சிறிய கார் வைத்து வாடகைக்கு ஓட்டி வருகிறான். வாரம் இருமுறை டயாலிசிசுக்குப் போகும் முதியவர் ஒருவர் அவனுடைய நிலையான வாடிக்கை. சென்ற கோடையில் புளோயரின் முதல் மூன்று வேகங்களும் நின்றுபோயின. கடைசி வேகத்தில் வைத்தால் பெரியவருக்குக் குளிர் தாங்கவில்லை; அணைத்தால் வெயில் தாங்கவில்லை. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறான்.

“மாமா, மோட்டார் போச்சாம். புதுசு போடணும்னு சொல்றாக. ஆறு மாசத்துக்கு முந்திதான் ரெசிஸ்டர் மாத்துனேன்” என்றான்.

“கடைசி ஸ்பீடு ஓடுதா மாப்ளே?”

“அது ஓடுது மாமா.”

“ஓடுற மோட்டாரை எப்படிப் போச்சுங்குறாக?”

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். ரெசிஸ்டரைப் பிடித்திருந்தவை இரண்டே ஸ்க்ரூக்கள். மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பொதுமுனைக்கும் மற்ற முனைகளுக்கும் இடையே பார்த்தோம், எல்லாவற்றிலும் முடிவிலி. தெர்மல் பியூஸ் அறுந்திருந்தது. இத்தோடு புது ரெசிஸ்டர் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஆறு மாதத்தில் இரண்டாவது ரெசிஸ்டர் என்பது என்னை உறுத்தியது. நல்ல பியூஸ் காரணமின்றி அறாது.

புதிய ரெசிஸ்டரைப் போட்டபின், மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, மோட்டார் வயரோடு தொடராக இணைத்து, முதல் வேகத்தில் மட்டும் அளந்தோம். (முழு வேகத்தில் இவ்வாறு அளக்கக் கூடாது, 14 ஆம்பியரை மீட்டர் தாங்காது. அளந்து முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும்.) 4.3 ஆம்பியர் காட்டியது. இது அதிகமா, குறைவா? நூலில் விடை இல்லை. பக்கத்துத் தெருவில் அதே கம்பெனி, அதே மாடல் வண்டி ஒன்று நின்றது. உரிமையாளரிடம் கேட்டு அதிலும் அளந்தோம்: 3.4 ஆம்பியர். நம் ஆய்வகத்தில் ஒப்பீட்டு அளவீடு என்று சொல்வது இதைத்தான்.

மின்னோட்டம் கூடுதல், காற்றோ குறைவு. இந்த இரண்டும் சேர்ந்தால் மோட்டாரின் அச்சு இறுகியிருக்கிறது என்று பொருள். காற்றும் குறைந்து மின்னோட்டமும் குறைந்திருந்தால் பாதையில் அடைப்பு என்று கொள்ள வேண்டும். இவ்வகை விசிறி ஊதக் காற்றே கிடைக்காதபோது எளிதாகச் சுற்றும், குறைவாகவே மின்னோட்டம் எடுக்கும். வீட்டு மிக்சியில் போட்ட அரிசியும் போடாத அரிசியும் போல என்று சொன்னேன். மருமகனுக்கு உடனே புரிந்துவிட்டது.

மோட்டாரைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிவிட்டோம். தானாக நாலைந்து சுற்றாவது சுற்ற வேண்டியது, கையை எடுத்ததும் நின்றது. விசிறி இதழ்களுக்கிடையே கருவேலங்கரியின் நுண்தூளும் செம்மண் புழுதியும் அப்பிக் கிடந்தன. கரிமூட்டை ஏற்றும் இடங்களுக்கு அவன் வண்டி அடிக்கடி போய் வரும். பிரஷ் வைத்துத் துடைத்து, அச்சின் புஷ்களில் இரண்டிரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, ஊறவைத்துச் சுற்றினோம். கார்பன் பிரஷ்கள் பாதிக்குமேல் மிச்சம் இருந்தன. மறுபடி பொருத்தி அளந்தபோது 3.6 ஆம்பியர். மோட்டார் விலையில் பத்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பெரியவர் இரண்டாவது வேகத்தில் உறங்கிக்கொண்டே போய் வந்ததாகச் சொன்னான்.

மோட்டாரைத் தனியே சோதிக்கும்போது பேட்டரியிலிருந்து நேராக, 20 ஆம்பியர் பியூஸ் கோத்த வயரின் வழியே மட்டுமே கொடுக்க வேண்டும். முகத்தை விலக்கி, மோட்டாரைக் காலால் அணைத்துக்கொள்ளுங்கள், தொடங்கும்போது துள்ளும். சுற்றாத மோட்டாரின் முதுகில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் சுற்றத் தொடங்கினால் பிரஷ்கள் தேய்ந்து, தொடும் இடத்தை எட்டாமல் நிற்கின்றன என்று அறியலாம். ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வயர்களை மாற்றிக் கொடுத்தால் இம்மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்; ஆயினும் காற்று உள்ளே இழுக்கப்படாமல் அதே வாய் வழியே வெளியேதான் வரும், மிகவும் மெலிந்து. கனெக்டரை வெட்டி ஒட்டிய வண்டிகளில் எல்லாம் சரியாக இருந்தும் காற்று மட்டும் சோர்ந்திருந்தால் இதனையும் நினைவிற் கொள்க.

ரெசிஸ்டரின் சுருள்கள் 1 ஓமுக்கும் குறைவான தடை உடையவை. மீட்டரின் வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டிவிடும். இரு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறந்த வழி ஒன்றுண்டு. 21 வாட் பல்பு, சுருள், அம்மீட்டர் மூன்றையும் தொடராகப் பேட்டரியில் இணைத்து, சுருளின் இரு முனைகளுக்கிடையே மட்டும் வோல்ட்டை அளந்து மின்னோட்டத்தால் வகுத்துவிடுங்கள். வயர்த்தடை கணக்கில் நுழையவே நுழையாது. 1827-இல் தம் நூலை வெளியிட்டபோது ஓம் அவர்கள் போதிய மதிப்பைப் பெறவில்லை. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. அவர் கூறியதை வேப்பமரத்தடியில் ஒரு பல்பைக் கொண்டு சரிபார்க்கலாம்.

ரிலேயைச் சோதிப்பது எளிது. அதே போன்ற மற்றொரு ரிலே பக்கத்திலேயே ஹார்னுக்கோ விளக்குக்கோ இருக்கும். எண்ணும் கால்களின் அமைப்பும் ஒன்றாயிருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம்.

தானியங்கிக் குளிர்சாதனம் உள்ள புதிய வண்டிகளுக்கு இம்முறைகளில் பாதி பொருந்தாது. அவற்றில் கம்பிச்சுருளுக்குப் பதில் டிரான்சிஸ்டர் அடங்கிய ஒரு பெட்டி, மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி வேகத்தை மாற்றும் வகையும் உண்டு. அங்கே மீட்டர் காட்டும் 6 வோல்ட் உண்மையான 6 வோல்ட் அன்று. 12-க்கும் சுழிக்கும் இடைப்பட்ட சராசரி. அவ்வண்டிகளில் பியூஸ், எர்த், மோட்டாரின் இரு முனை ஆகியவற்றை அளப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டு வயரில் 21 வாட் பல்பை மாட்டினால் அந்தப் பெட்டி போய்விடக்கூடும். அதன் விலை மோட்டாருக்குக் குறைந்ததன்று.

எல்லாவற்றையும் பொருத்தியபின் புளோயரை முதல் வேகத்தில் கால்மணி நேரம் ஓடவிட்டு, சாவியை அணைத்துவிட்டு, மோட்டார் கனெக்டரையும் ஸ்விட்ச் கனெக்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு முழு வேகத்திலும் அவ்வாறே. இளஞ்சூடு இருக்கலாம். விரல் வைக்க முடியாத சூடு என்றால், எங்கோ இன்னும் ஓரிரண்டு வோல்ட் இறங்கிக்கொண்டிருக்கிறது. மீட்டரை மறுபடி எடுத்துக்கொண்டு, அந்த இணைப்பின் இருபுறமும் வைத்துப் பாருங்கள்.